பழைய டெஸ்க்டாப்பில் கிராஃபிக்ஸ் கார்டு: மெஷின் எந்த இடத்தில் நிற்கிறது?

அலுவலகங்களில் சில வருடம் உழைத்துவிட்டுக் கழிக்கப்படும் டெஸ்க்டாப்கள் இப்போது நம் ஊர் வீடுகளுக்கு நிறையவே வந்து சேர்கின்றன. டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் என்று சென்னை ரிச்சி தெருவில் அடுக்கி வைத்து விற்கிறார்கள். உள்ளே இன்டெலின் மூன்றாம் அல்லது நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம். ஒரு எஸ்எஸ்டி போட்டுவிட்டால் படிப்புக்கும் ஆபீஸ் வேலைக்கும் தாராளமாகப் போதும். வீட்டில் கேம் ஆடுகிற பிள்ளையோ வீடியோ எடிட்டிங் பழகுகிற பிள்ளையோ இருந்தால், அடுத்து வருவது கிராஃபிக்ஸ் கார்டு பேச்சுதான். காசு சேர்த்து ஒரு கார்டை வாங்கி மாட்டுகிறார்கள். பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது.

உடனே வரும் தீர்ப்பு இரண்டில் ஒன்று: "கார்டு போயிடுச்சு" அல்லது "இந்த போர்டு சப்போர்ட் பண்ணாது". இரண்டுமே பல நேரங்களில் தவறு. நல்ல கார்டைத் திருப்பிக் கொடுத்து நஷ்டப்பட்டவர்களும், நல்ல மெஷினையே பாதி விலைக்குத் தள்ளிவிட்டவர்களும் உண்டு. அது எனக்கு மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் காரணத்தைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமே இல்லை.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மெஷின் எந்த இடத்தில் நிற்கிறது? காய்ச்சல் எந்நேரத்தில் ஏறுகிறது என்று டாக்டர் கேட்பது மாதிரியான கேள்வி இது. பட்டனை அழுத்தியதுமே நிற்கிறதா, லோகோ வந்த பிறகா, விண்டோஸில் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) போட்ட பிறகா, கேம் கொஞ்ச நேரம் ஓடிய பிறகா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்துப் பயனில்லை.

பட்டனை அழுத்தியதும் நடப்பதைத் தெரிந்துகொண்டால் இது புரியும். மெஷினுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ், தன் வோல்டேஜ்கள் நிலைபெற்றதும் மதர்போர்டுக்கு ஒரு சிக்னல் கொடுக்கிறது. பிராசஸர் எழுந்து ராமைச் சோதிக்கிறது. அப்புறம் மதர்போர்டின் தொடக்க மென்பொருளான பயாஸ், கார்டு செருகும் பிசிஐஇ ஸ்லாட்டில் என்ன இருக்கிறது என்று தேடி, கிராஃபிக்ஸ் கார்டுக்குள்ளேயே ஒரு சிப்பில் பதிந்திருக்கும் சின்ன மென்பொருளை எடுத்து ஓட்டுகிறது. திரையில் முதன்முதலாக எழுத்து தெரிவது அதனால்தான். விண்டோஸ் வந்ததும் முதலில் தன்னிடம் இருக்கும் அடிப்படை டிரைவரால் படம் காட்டும். என்விடியாவோ ஏஎம்டியோ தந்த டிரைவர் ஏறிய பிறகுதான் கார்டு முழு வேகத்தில் ஓடும். முழு மின்சாரத்தையும் அப்போதுதான் கேட்கும். அதனால் விண்டோஸ் திரை வரை ஒழுங்காக வந்துவிட்டாலே கார்டின் அடிப்படை உயிர் இருக்கிறது என்று பாதி முடிவுக்கு வரலாம்.

திரை கறுப்பாக இருக்கும்போது மெஷின் உண்மையில் ஓடுகிறதா என்று பார்க்க எளிய வழி கீபோர்டில் இருக்கிறது. இரண்டு நிமிடம் விட்டு நம் லாக் (Num Lock) பட்டனை அழுத்திக்கொண்டே பாருங்கள். அதன் விளக்கு மாறி மாறி எரிந்து அணைந்தால் மெஷின் உயிரோடு இருக்கிறது, படம் மட்டும்தான் வரவில்லை. விளக்கு அசையவே இல்லை என்றால் மெஷின் தொடக்கத்திலேயே சிக்கிக்கொண்டிருக்கிறது. பல பழைய போர்டுகளில் ஒரு நீண்ட பீப்பும் இரண்டு குட்டி பீப்பும் கேட்டால் கிராஃபிக்ஸ் பக்கம் கோளாறு என்று பொருள். உங்கள் கேபினட்டில் ஸ்பீக்கரே இல்லாவிட்டால், மதர்போர்டில் செருகும் குட்டி ஸ்பீக்கர் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் கேபிள்

மெஷின் ஓடுகிறது, படம் மட்டும் இல்லை என்றால் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். பழக்கதோஷத்தில் மானிட்டர் வயர் மதர்போர்டின் பழைய ஓட்டையிலேயே இருக்கும். கார்டு ஏறியதும் பல மெஷின்கள் பிராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸைத் தானாக அணைத்துவிடும். அந்த ஓட்டை கறுத்துப்போவது கோளாறு இல்லை, இயல்பு.

இதைவிடப் பெரிய சிக்கல் விஜிஏ. நம் ஊர்களில் நீல நிற விஜிஏ வயர் மட்டுமே உள்ள மானிட்டர்கள் இன்னும் ஏராளம். என்விடியா ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்தும் ஏஎம்டி ஆர்எக்ஸ் 400 வரிசையிலிருந்தும் கார்டுகளில் அனலாக் சிக்னலே கிடையாது. ஜிடிஎக்ஸ் 1050 டிஐயில் இருக்கும் வெள்ளை டிவிஐ ஓட்டையைப் பார்த்துவிட்டு, டிவிஐ டு விஜிஏ என்று விற்கும் மலிவான சொருகியை வாங்கிவருகிறார்கள். அந்தச் சொருகி வெறும் கம்பிகளை மாற்றி இணைப்பதுதான், சிக்னலை மாற்றாது. பழைய டிவிஐ ஓட்டையில் தட்டையான நீள பின்னைச் சுற்றி நான்கு சின்னத் துளைகள் இருக்கும். அனலாக் அதன் வழியாகத்தான் வரும். 1050 டிஐயில் அந்த நான்கு துளையும் இருக்காது. தேவைப்படுவது உள்ளே சிப் உள்ள எச்டிஎம்ஐ டு விஜிஏ கன்வர்ட்டர். அதிலும் மட்டமானதைப் போட்டால் விண்டோஸ் லோகோ வரைக்கும் எதுவும் தெரியாமல் திடீரென்று படம் வருவதும் நடக்கும். சந்தேகமாக இருந்தால் மெஷினை வீட்டு டிவியோடு எச்டிஎம்ஐ வயரில் நேராக இணைத்துப் பாருங்கள்.

டிவியோடு இணைக்கும் முன் எர்த் பற்றி ஒரு வார்த்தை. எர்த் சரியில்லாத பிளக்கில் கம்ப்யூட்டரைப் போட்டால் கேபினட் தகட்டில் லேசாகச் சுர்ரென்று ஷாக் அடிக்கும். எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் எர்த் இல்லாதபோது தகட்டில் மெயின் வோல்டேஜில் ஏறக்குறைய பாதியை ஏற்றிவிடுகின்றன. கரண்ட் மிகச் சிறியது, ஆளுக்குப் பெரிய ஆபத்தில்லை. ஆனால் இரண்டு பக்கமும் பவர் இருக்கும்போது எச்டிஎம்ஐ வயரைச் செருகினால் அந்தச் சிறு பாய்ச்சல் போர்ட்டின் சிப்பை எரித்துவிட முடியும். இரண்டையும் பிளக்கிலிருந்து உருவிவிட்டு வயரை இணையுங்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தையும் சரிபண்ணிவிடுங்கள்.

ஸ்லாட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கார்டு முழுதாக உள்ளே இறங்கி, பின்னால் உள்ள கிளிப் டிக்கென்று பூட்ட வேண்டும். பழைய அலுவலக மெஷினின் ஸ்லாட்டில் பத்து வருடத் தூசி இருக்கும். ஊதி எடுத்துவிட்டு, கார்டின் தங்க நிறப் பட்டைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொட்ட துணியால் துடைத்தால் போதும். பயாஸ் செட்டிங்கில் கை வைக்குமுன் மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். அது தீர்ந்துபோயிருந்தால் நீங்கள் செய்யும் எந்த செட்டிங்கும் நிற்காது.

பவர்: லேபிளைப் படிக்கத் தெரிய வேண்டும்

உண்மையான கோளாறுகளில் பெரும்பகுதி எஸ்எம்பிஎஸ் பக்கம்தான். கணக்கு எளிது. பிசிஐஇ எக்ஸ்16 ஸ்லாட் ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் தரலாம். அதில் 12 வோல்ட் லைனில் வருவது 5.5 ஆம்ப்ஸ், அதாவது 66 வாட், மிச்சம் 3.3 வோல்ட்டில். அதற்கு மேல் வேண்டும் என்றால் எஸ்எம்பிஎஸிலிருந்து நேராக வயர் வர வேண்டும்: 6 பின் என்றால் 75 வாட், 8 பின் என்றால் 150 வாட். ஜிடிஎக்ஸ் 750 டிஐ 60 வாட், ஜிடிஎக்ஸ் 1050 டிஐயும் ஜிடிஎக்ஸ் 1650ம் 75 வாட், 2024இல் வந்த 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 70 வாட். இவை ஸ்லாட் மின்சாரத்திலேயே ஓடும்படி வடிவமைத்தவை. அலுவலக டெஸ்க்டாப்காரர்கள் இவற்றையே தேடித் தேடி வாங்குவது அதனால்தான். ஆனால் 1650இலேயே சில கம்பெனிகள் 6 பின் வைத்து விற்றிருக்கின்றன, படத்தைப் பார்த்து வாங்குங்கள்.

ஸ்லாட்டின் எல்லையை மீறினால் அது சின்ன விஷயம் இல்லை. 2016 ஜூன் கடைசியில் ஏஎம்டி ஆர்எக்ஸ் 480 வந்தபோது, அது ஸ்லாட்டிலிருந்து அளவுக்கு மேல் மின்சாரம் இழுக்கிறது என்று விமர்சகர்கள் கருவி வைத்து அளந்து காட்டினார்கள். அடுத்த சில நாட்களில் ஏஎம்டி ஒரு டிரைவரை வெளியிட்டு அந்தச் சுமையைக் குறைத்தது. புது போர்டுகளுக்கே அந்தக் கவலை இருந்தது. பத்து வருடம் ஓடித் தேய்ந்த போர்டுக்கு அதைவிட அதிகமாகவே கவலைப்பட வேண்டும்.

இப்போது எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். மேலே பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருக்கும். அதை விடுங்கள். கீழே சின்னக் கட்டங்களில் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று பிரித்து ஆம்ப்ஸ் போட்டிருப்பார்கள். 12 வோல்ட்டுக்கு நேராக 16 ஆம்ப்ஸ் என்று இருந்தால், பெருக்கிப் பாருங்கள், 192 வாட்தான். பிராசஸரும் கார்டும் குடிப்பது இந்த 12 வோல்ட்டிலிருந்துதான். 5 வோல்ட்டில் எவ்வளவு தாராளமாக எழுதியிருந்தாலும் நமக்குப் பயனில்லை. 2000க்கு முன்னால் பிராசஸர்கள் 5 வோல்ட்டிலிருந்தும் 3.3 வோல்ட்டிலிருந்தும் மின்சாரம் எடுத்தன. பென்டியம் 4 காலத்தில்தான் பளு 12 வோல்ட்டுக்கு மாறியது. மலிவான எஸ்எம்பிஎஸ்கள் பல இன்னும் அந்தப் பழைய பங்கீட்டிலேயே இருக்கின்றன. அவற்றின் லேபிளில் எழுதியிருப்பதைக்கூட முழுதாக நம்ப முடியாது.

இதற்கு எதிர்ப்பக்கம் அலுவலக மெஷின்கள். ஆப்டிபிளெக்ஸ் 7010 மினி டவரில் 275 வாட், சிறிய கேபினட்டில் 240 வாட்; ஆப்டிபிளெக்ஸ் 9020இல் முறையே 290, 255. எண் சின்னதாகத் தெரியும், ஆனால் எழுதியதைக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்கள் இவை. 77 வாட் ஐ5-3470, 75 வாட் 1650, டிஸ்க், ராம், ஃபேன் எல்லாம் சேர்த்தாலும் 200 வாட்டுக்கு அக்கம்பக்கம்தான் வரும். அதனால்தான் பெயர் தெரியாத 450 வாட்டில் திணறும் கார்டு ஒரிஜினல் 275 வாட்டில் அமைதியாக ஓடுகிறது. சிறிய கேபினட் மாடல்களில் இன்னொரு நிபந்தனை உண்டு: அரை உயர கார்டு மட்டுமே நுழையும், சில மாடல்களில் ஸ்லாட்டுக்கு 75 வாட்டுக்கும் குறைவான எல்லையைத் தயாரிப்பாளரே மேனுவலில் எழுதியிருப்பார். வாங்கும் முன் அந்த ஒரு பக்கத்தைத் தேடிப் படியுங்கள்.

சரி, பெரிய கார்டுதான் வேண்டும், எஸ்எம்பிஎஸை மாற்றிவிடலாம் என்றால்? அசெம்பிள் செய்த மெஷினில் தாராளமாக மாற்றலாம். பிராண்டட் அலுவலக மெஷினில் நின்று யோசிக்க வேண்டும். 9020இல் மதர்போர்டுக்குப் போவது வழக்கமான 24 பின் இல்லை, 8 பின். லெனோவோ எம்93இல் 14 பின். வடிவம் பொருந்துகிறதே என்று வேறு எஸ்எம்பிஎஸின் வயரை நேராகச் செருகிவிடக் கூடாது, வோல்டேஜ் இடம் மாறி போர்டு போய்விடும். அந்தந்த மாடலுக்கான கன்வர்ட்டர் வயர் தனியாகக் கிடைக்கிறது. எஸ்எம்பிஎஸ், வயர், கேபினட்டில் பொருந்துமா என்ற தலைவலி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், என் கணக்கில் 75 வாட்டுக்கு மேல் ஆசைப்படாமல் இருப்பதே இந்த மெஷின்களுக்கு நல்லது.

இங்கேதான் ஆட்கள் குறுக்கு வழி தேடுகிறார்கள். சாட்டா பவர் வயரிலிருந்து 6 பின் எடுக்கும் அடாப்டர் ஒன்று கடைகளில் தொங்கும். சாட்டா பவர் சொருகியில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்ப்ஸ் தாங்கும், மொத்தம் 4.5 ஆம்ப்ஸ், 54 வாட். மறுமுனையில் இருக்கும் 6 பின்னோ கார்டிடம் 75 வாட் எடுத்துக்கொள் என்கிறது. தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவரின் மெஷினில் இப்படி ஒரு அடாப்டரைப் பார்த்தேன். கேம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் மெஷின் அப்படியே அணைந்துவிடும், விட்டுப் போட்டால் மறுபடி ஓடும். கார்டு போச்சு என்று கடையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அடாப்டரை உருவிப் பார்த்தால் வெள்ளை பிளாஸ்டிக் பின்களைச் சுற்றிப் பழுப்பாகி, ஒரு ஓரம் உருகி வளைந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் தீய்ந்த வாடை. கார்டுக்கு ஒன்றும் இல்லை. 6 பின்னை 8 பின்னாக மாற்றும் சொருகியும் இதே ரகம். 8 பின்னில் கூடுதலாக இருக்கும் இரண்டும் கிரவுண்ட் பின்கள்தான். அவை இருக்கிறது என்று கண்டதும் கார்டு 150 வாட் கிடைக்கும் என்று நம்பி இழுக்க ஆரம்பிக்கும். மின்சாரம் மட்டும் பழைய மூன்று வயரில்தான் வர வேண்டும்.

பவர் கோளாறின் அடையாளம் தெளிவானது. பளு ஏறும்போது மெஷின் முழுதாக, ஒரு நொடியில் அணையும் அல்லது ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸ் ஈவன்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று ஒரு பதிவு மட்டும் கிடக்கும், அதற்கு முன் வேறு பிழை இருக்காது. வீட்டு யுபிஎஸையும் சந்தேகப்படுங்கள். 600 விஏ என்று விற்பது பெரும்பாலும் 360 வாட்தான், அதுவும் பேட்டரி புதிதாக இருக்கும்போது. 185 வாட் ஆர்எக்ஸ் 580ஐ மாட்டிவிட்டு, கரண்ட் போனதும் மெஷின் அணைகிறது என்றால் அது கார்டின் குற்றம் இல்லை. யுபிஎஸை விலக்கிவிட்டு நேராகச் சுவரில் போட்டு ஒரு முறை சோதித்தால் தெரிந்துவிடும்.

பயாஸும் யுஇஎஃப்ஐயும்

மின்சாரம் சரி, மானிட்டர் சரி, ஆனாலும் லோகோவே வரவில்லை. இந்த இடத்தில்தான் போர்டின் காலமும் கார்டின் காலமும் மோதுகின்றன.

கார்டுக்குள் இருக்கும் சின்ன மென்பொருள் பற்றிச் சொன்னேன் அல்லவா, அது இரண்டு வகை. பழைய பயாஸ் முறைக்கு ஒன்று, அதன் இடத்துக்கு வந்த புதிய யுஇஎஃப்ஐ முறைக்கு ஒன்று. 2012இல் விண்டோஸ் 8 வந்து செக்யூர் பூட்டை முன்வைத்த பிறகுதான் யுஇஎஃப்ஐ எல்லா மெஷின்களுக்கும் பரவியது. அதற்கு முந்தைய போர்டுகளில் பல, கார்டிடம் பழைய வகை மென்பொருளை மட்டுமே கேட்கும். 2012க்குப் பிந்தைய கார்டுகள் நீண்ட காலம் இரண்டையும் சுமந்து வந்தன. 1050 டிஐ, 1650 போன்றவை பெரும்பாலும் இரண்டிலும் எழுந்து நிற்பதற்கு அதுவே காரணம். அண்மைக் கார்டுகளில் சில யுஇஎஃப்ஐயை மட்டுமே நம்புகின்றன. இன்டெல் ஆர்க் கார்டுகள் வெளிப்படையாகவே அப்படித்தான். இவற்றைக் கோர் 2 டுவோ காலத்து ஜி31, ஜி41 போர்டில் செருகினால் ஸ்லாட் பொருந்தும், ஃபேன் சுற்றும், படம் மட்டும் வராது. தலைகீழாகவும் நடக்கும்: 2011ஆம் வருடக் கார்டை, பழைய முறையை முழுக்க அணைத்து வைத்த போர்டில் போட்டால் அதே கறுப்புத் திரை.

மூன்றாம், நான்காம் தலைமுறை மெஷின்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கின்றன. யுஇஎஃப்ஐ இருக்கிறது, ஆனால் அலுவலகத்தில் அதை லெகசி என்னும் பழைய பயாஸ் முறைக்கு மாற்றி விண்டோஸ் 7 போட்டிருப்பார்கள். கார்டைக் கழற்றிவிட்டு பயாஸுக்குள் போய், முதல் டிஸ்ப்ளே எது என்ற இடத்தில் ஆட்டோவை மாற்றி பிஇஜி அல்லது பிசிஐஇ என்று வையுங்கள். பழைய முறையை அனுமதிக்கும் சிஎஸ்எம் அல்லது லெகசி ஆப்ஷன் ரோம் என்று ஒரு வரி இருக்கும். அதை இப்போதிருக்கும் நிலைக்கு நேர்மாறாக மாற்றி வைத்துப் பாருங்கள். உள் கிராஃபிக்ஸையும் கார்டையும் சேர்த்து ஓடவிடும் மல்ட்டி மானிட்டர் வசதி இருந்தால் அதை இயக்குவது பெரிய உதவி: கார்டு ஏறியிருக்கும்போதே போர்டின் விஜிஏ வழியாக விண்டோஸுக்குள் போய், டிவைஸ் மேனேஜரில் கார்டு தெரிகிறதா என்று பார்த்துவிடலாம். தெரிந்தால் ஸ்லாட்டும் கார்டும் பேசிக்கொள்கின்றன.

ஒரு எச்சரிக்கை. லெகசி முறையில், எம்பிஆர் என்ற பழைய வகையில் பிரித்த டிஸ்கில் போட்ட விண்டோஸ், சிஎஸ்எம்மை அணைத்ததும் பூட் ஆகாது. கார்டு வந்து ஹார்ட் டிஸ்கையும் கெடுத்துவிட்டது என்று பதறுவார்கள். டிஸ்கில் எல்லாம் பத்திரமாகவே இருக்கும், செட்டிங்கைத் திருப்பினால் பழையபடி வரும். நிரந்தரமாக மாற்ற, 2017லிருந்து விண்டோஸ் 10இலேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது. பேக்கப் எடுத்துவிட்டு, முதலில் சரிபார்க்கும் கட்டளையை மட்டும் ஓட்டி, அது சம்மதித்தால் மாற்றுங்கள். அப்புறம்தான் சிஎஸ்எம்மை அணைக்க வேண்டும்.

பயாஸ் அப்டேட்டும் சில நேரம் தீர்வு. தயாரிப்பாளர் தளத்தில் உங்கள் மாடலின் கடைசி பதிப்பைப் பார்த்து, அது புதிது என்றால் போடுங்கள். கரண்ட் போகாது என்று நிச்சயமாகத் தெரிந்த நேரத்தில், யுபிஎஸ்ஸோடு.

டிரைவர் ஏறியதும் வரும் கோளாறு

அடிப்படைப் படம் வந்து, டிரைவர் போட்டதும் திரை போகிறது அல்லது டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் வருகிறது. முதலில் விண்டோஸைப் பாருங்கள். பழைய மெஷின்களில் 32 பிட் விண்டோஸ் இன்னும் கிடக்கிறது. என்விடியா 390 வரிசையோடு 2018இலேயே 32 பிட் டிரைவரை நிறுத்திவிட்டது. 1650 வந்தது 2019இல். அதற்கு 32 பிட் டிரைவர் வந்ததே இல்லை. விண்டோஸ் 7, 8க்கு வழக்கமான புது டிரைவர்களும் 2021 அக்டோபரிலிருந்து வருவதில்லை. முன்பு வேறு கார்டு இருந்திருந்தால், டிடியு என்று சொல்லும் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலரை சேஃப் மோடில் ஓட்டிப் பழையதை வேரோடு எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள்.

இதற்குப் பிறகும் டிவைஸ் மேனேஜரில் கோட் 43 என்ற பிழை வந்துகொண்டே இருந்தால், செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கியவர்கள் கார்டின் அடையாளத்தையே சந்தேகிக்க வேண்டும். 2010இல் வந்த ஜிடிஎஸ் 450, அடுத்த வருடம் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற கார்டுகளின் உள் மென்பொருளை மாற்றி எழுதி, 1050 டிஐ என்று பெயர் காட்டவைத்து விற்கும் மோசடி பரவலாக நடந்திருக்கிறது. கண்டுபிடிக்க மென்பொருளே வேண்டாம், கார்டின் பின்புறத்தைப் பாருங்கள். 1050 டிஐ என்று சொல்லிவிட்டு அதில் விஜிஏ ஓட்டை இருந்தால் அது 1050 டிஐ இல்லை. விஜிஏ மானிட்டர் வைத்திருப்பவருக்கு அந்த ஓட்டை வசதியாகத் தெரிவதால்தான் ஏமாறுகிறார்கள். ஜிபியு-இசட் என்ற இலவசக் கருவி 2018லிருந்து இப்படிப்பட்ட கார்டுகளின் பெயருக்கு முன்னாலேயே போலி என்று காட்டுகிறது. அசல் 1050 டிஐயில் ஷேடர் (கணக்குப் போடும் குட்டி அலகு) எண்ணிக்கை 768, ஜிடிஎஸ் 450இல் 192. விற்பவரிடமே அதை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

ஆர்எக்ஸ் 580, 570 போன்றவற்றுக்கு வேறு கதை. எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டுகளை ஓட்டிக் காசு சம்பாதிக்கும் மைனிங் முறையை 2022 செப்டம்பர் 15 அன்று கைவிட்டதும், பகலிரவாக ஓடிய கார்டுகள் சந்தையில் குவிந்தன. அவற்றில் பலவற்றின் உள் மென்பொருள் மைனிங்குக்காக மாற்றி எழுதப்பட்டது. ஏஎம்டி டிரைவர் அதை ஏற்காமல் நிறுத்திவிடும். சில கார்டுகளில் மேல் விளிம்பில் ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும், இரண்டாவது பயாஸுக்கு மாற்றுவதற்கு. மெஷினை அணைத்துவிட்டு அதைத் தள்ளிப் பார்த்தால் சில நேரம் அசல் மென்பொருள் அங்கே பத்திரமாக இருக்கும்.

ஓடுகிறது, ஆனால் வேகம் இல்லை

படம் வருகிறது, டிரைவர் சரி, கேம் மட்டும் திக்குகிறது. இங்கே கார்டும் போர்டும் டேட்டா பரிமாறும் பாதைகளான லேன்களைப் பார்க்க வேண்டும். 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட், அரை உயர வடிவிலும் கிடைக்கும். சிறிய கேபினட்டுக்கென்றே செய்தது போலத் தோன்றும். ஆனால் அது பிசிஐஇ 4.0க்காக, நான்கே லேன்களோடு வடிவமைத்த கார்டு. 4.0இல் நான்கு லேனுக்கு நொடிக்குச் சுமார் 8 ஜிபி போகும், 3.0இல் அது பாதி, 2.0இல் 2 ஜிபிதான். அதன் 4 ஜிபி மெமரி நிரம்பியதும் மிச்சம் எல்லாம் இந்த ஒற்றையடிப் பாதையில்தான் வந்து போக வேண்டும், கேம் அங்கே முட்டி நிற்கும். 16 லேன் உள்ள 1650க்கு அதே 2.0 ஸ்லாட்டில் 8 ஜிபி கிடைக்கிறது.

உங்கள் ஸ்லாட் எந்தப் பதிப்பு என்பது தலைமுறையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஐ5-3470 பிசிஐஇ 3.0 தரும், அதே மூன்றாம் தலைமுறை ஐ3-3220 2.0தான் தரும். நான்காம் தலைமுறை பிராசஸர் இருந்தாலும் எச்81 போர்டு என்றால் 2.0. ஜிபியு-இசட்டில் பஸ் இன்டர்ஃபேஸ் என்ற கட்டத்தில் இது தெரியும். சும்மா இருக்கும்போது கார்டு மின்சாரம் மிச்சப்படுத்த 1.1க்கு இறங்கிக் காட்டும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறியை அழுத்திச் சோதனையை ஓட்டினால் உண்மையான வேகத்துக்கு ஏறும். பளுவிலும் 16 லேனுக்குப் பதில் 8 அல்லது 4 என்று காட்டினால் ஸ்லாட்டில் கார்டு சரியாக உட்காரவில்லை, அல்லது பட்டைகளில் அழுக்கு.

இன்டெல் ஆர்க் ஏ380 விலையில் கவரும், ஆனால் ரீசைஸபிள் பார் என்ற வசதி இல்லாத போர்டில் அதன் வேகம் நிறையவே விழுந்துவிடும். பழைய அலுவலக மெஷின்களில் அது இருக்காது. ராம் ஒரே குச்சியாக இருந்தால் அதே அளவில் இன்னொன்றைச் சேருங்கள், திக்கல் குறையும். கேம் ஓடும்போது கார்டின் பயன்பாடு ஐம்பது, அறுபது சதவீதத்திலேயே நின்று, பிராசஸர் நூறைத் தொட்டால், அதைவிடப் பெரிய கார்டுக்குச் செலவழிப்பது வீண்.

கடைசி ரகம், நன்றாக ஓடிக்கொண்டே இருந்து படம் மட்டும் போவது. மெஷின் அணையாது, பாட்டு கேட்டுக்கொண்டே இருக்கும், திரை கறுத்துத் திரும்பும். கார்டு இரண்டு நொடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவரை உலுக்கி மறுபடி எழுப்பும். ஈவன்ட் வியூவரில் 4101 என்று பதிவாகும். சூட்டில் நடக்கிறதா என்று பாருங்கள். 1050 டிஐ, 1650 போன்ற கார்டுகள் 83 டிகிரியைத் தொடும்போது தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில், கதவு மூடிய கம்ப்யூட்டர் டேபிளுக்குள் அந்த 83 சீக்கிரமே வந்துவிடும். கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துச் சோதியுங்கள். கோளாறு போய்விட்டால் ஒரு ஃபேன் போட்டு, தெர்மல் பேஸ்ட்டை மாற்றினால் போதும். திரையில் நிறப் புள்ளிகளும் கோடுகளும் பயாஸ் திரையிலேயே தெரிந்தால் மட்டும் கார்டின் மெமரி போய்விட்டது என்று ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது.

இப்போது வாங்கப் போகிறவர்கள் 1050 டிஐக்கும் 1650க்கும் நடுவே ஊசலாடினால், விலை வித்தியாசம் கொஞ்சமாக இருந்தாலும் இருக்கட்டும் என்று 1650ஐ எடுங்கள். 750 டிஐ, 900 வரிசை, 10 வரிசை ஆகியவற்றுக்கான வழக்கமான டிரைவர்களை 580 வரிசையோடு என்விடியா முடித்துக்கொண்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். அந்த வெட்டு 1650ஐத் தொடவில்லை. வாங்கும் இடத்திலேயே உங்கள் மெஷினைக் கொண்டுபோய் மாட்டி, ஜிபியு-இசட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பளுவில் ஓட்டிப் பாருங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாத விற்பவரிடம் வாங்க வேண்டாம்.